தம்பி கேட்கும் பாட்டு யாருடையது?

இரவு ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டி வரும் வாலிபர்களைப் பாருங்கள். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். கண் சிவந்திருக்கும். கையிலே சோற்றுத் தூக்கு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, செல்போன் ஒயர் காதுக்குப் போய்விடும். காதுக்குள் ஒரு கதாநாயகன் முழங்குகிறான். தனக்கு நிகர் எவனுமில்லை, தன்னை எவனும் அசைக்க முடியாது, துணிந்தவன் வந்து பார்க்கட்டும் என்கிறான். எட்டு மணி நேரம் சூப்பர்வைசரின் வசவைக் கேட்டு வாய் திறக்காமல் நின்ற அந்தத் தம்பியின் உதடு இப்போதுதான் அசைகிறது. அவனும் கூடவே பாடுகிறான்.

கிராமத்துப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். விடிகாலையில் நடவு ஆட்களை நெருக்கி ஏற்றிச் செல்கிற சரக்கு ஆட்டோவில் இதே பாட்டு அலறுகிறது. திருவிழா மைக் செட்டிலும் இதே பாட்டு. கல்யாண ஊர்வலத்திலும் இதே பாட்டு.

இதைக் கண்டு நம் மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சினிமாவும் பாட்டும் போதும். சங்கத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டான்; படம் ரிலீஸ் என்றால் விடிய விடிய நிற்பான்" என்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் முடிவில் நியாயமில்லை. 1950-களில் தரை டிக்கெட் வாங்கி டெண்டுக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து அவர்களுடைய அப்பன்மாரும் இதையேதான் சொன்னார்கள். அந்தத் தரை டிக்கெட்டுக்காரன் காதில்தான் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு விழுந்தது. அந்தப் பாட்டு அவனைக் கெடுக்கவில்லை.

ஆகவே, வாலிபன் பாட்டுக் கேட்பது குற்றமல்ல. அவன் கேட்கிற பாட்டு அவனுக்கு என்ன சொல்கிறது, யாருக்காகச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

கோபம் பொய்யல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வாலிபனின் கோபம் பொய்க் கோபமல்ல. அந்தக் கோபத்தைச் சினிமாக்காரன் உண்டாக்கவில்லை. அவன் அதைக் கண்டுபிடித்தான், அவ்வளவுதான்.

அப்பன் மில்லில் நிரந்தரத் தொழிலாளி. அவனுக்குப் பஞ்சப்படி உண்டு, போனஸ் உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு. ஏதாவது அநியாயம் நடந்தால் கொடி பிடித்து கேட்டில் நிற்க நாலு பேர் உண்டு. மகனோ அதே வேலையை ஒப்பந்தக்காரன் கீழே செய்கிறான். இன்று வேலை உண்டு, நாளை இல்லை. அவன் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. அவன் தங்கையைப் பஞ்சாலை விடுதியில் சேர்த்தார்கள். மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லி அழைத்துப் போன கதை கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் நடந்தது! மூன்று வருஷம் முடிவதற்குச் சில மாதம் இருக்கையில் உடம்பு கெட்டு வெறுங்கையோடு திரும்பிய பெண்கள் எத்தனை பேர்!

கிராமத்திலே படித்த பையன் நிலை இன்னும் மோசம். டிகிரி வாங்கிவிட்டான். வயலுக்குப் போனால் ஊர் சிரிக்கும். வேலைக்குப் போனால் தெருப் பெயரைக் கேட்டே சாதியைக் கண்டுகொள்வார்கள்.

இப்படி நாள் முழுவதும் குனிந்து நிற்கிறவனுக்கு நாலு நிமிஷம் நிமிர்ந்து நிற்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைப் பாட்டு தருகிறது. அவன் சொல்ல முடியாததை வேறு ஒருவன் அவனுக்காக உரக்கச் சொல்கிறான். இதைப் போய் நாம் பழிக்கலாமா? பசித்தவன் கடைப் பலகாரம் தின்றான் என்று அவனை ஏசிப் பயனில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் பலகாரத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

மூன்று கேள்விகள்

பாட்டை எடைபோட நாம் பண்டிதர்களாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தொழிலாளியும் கேட்கக்கூடிய மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: இந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பாடுகிறது?

இரண்டு: இது யாரை எதிர்க்கிறது?

மூன்று: பாட்டு முடிந்த பிறகு கேட்டவன் என்ன செய்ய வேண்டும் என்கிறது?

இந்த மூன்று கேள்வியையும் பட்டுக்கோட்டையார் பாட்டுகளிடம் கேட்டுப் பார்ப்போம். பிறகு இன்றைய பாட்டுகளிடம் கேட்போம். அப்போது தன்னம்பிக்கை எது, வெறும் தற்பெருமை எது என்று தானாகத் தெரிந்துவிடும்.

வயலிலிருந்து வந்த பாட்டு

கல்யாணசுந்தரம் 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. வயல் வேலையிலிருந்து நாடக நடிப்பு வரை கைக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பாரதிதாசனைக் குருவாக ஏற்றுக்கொண்டார். செங்கொடி இயக்கத்தில் வளர்ந்தார். அவருடைய கவிதைகள் ஜனசக்தியில் வெளிவந்தன.

அவர் வாலிபனாக இருந்த தஞ்சை எப்படிப்பட்ட தஞ்சை? பண்ணையாளைச் சாணிப்பால் குடிக்க வைத்த தஞ்சை. சவுக்கால் அடித்த தஞ்சை. அதை எதிர்த்து பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டிய தஞ்சை. அந்தப் போராட்டத்தின் பலனாகவே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1950-ல், பட்டுக்கோட்டை வட்டாரத்தின் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு வயது இருபது. கோபம் என்றால் என்ன, அந்தக் கோபத்துக்கு என்ன விலை என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

1950-களின் நடுவில் அவர் சினிமாவுக்குப் பாட்டெழுத வந்தார். 1959 அக்டோபர் 8-ந் தேதி மறைந்துவிட்டார். வயது 29. எழுதிய காலம் சில வருஷங்கள்தான். அந்தச் சில வருஷத்தில் அவர் யாரைப் பார்த்துப் பாடினார் என்று கவனியுங்கள். தம்பியைப் பார்த்து, சின்னப் பையனைப் பார்த்து, பாப்பாவைப் பார்த்து. வீட்டிலே மூத்தவன் இளையவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிற மாதிரி. கேட்பவன் தலைக்கு மேலே ஏறி நின்று பேசுகிற பேச்சு அதில் இல்லை.

1958-ல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில் தம்பியை விழித்திருக்கச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அசந்து தூங்கியதால் யார் யார் எதை எதை இழந்தார்கள் என்று அந்தப் பாட்டு கணக்குச் சொல்கிறது. 1961-ல் வந்த 'அரசிளங்குமரி' படத்தில் ஒரு சிறுவனுக்குச் சொல்லும் பாட்டு. கைகால் வளர்ந்தால் மட்டும் போதாது, புத்தியும் வளர வேண்டும் என்கிறது. பேய் என்றும் பிசாசு என்றும் மிரட்டுகிறவனை நம்பிப் பயந்து சாகாதே என்கிறது. அதோடு நிற்கவில்லை. ஒருசிலர் கையில் சொத்து குவிந்திருக்கும் கொடுமையை ஒழிக்கப் பாடுபடு, காலம் வந்தால் தன்னால் சரியாகிவிடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே என்று முடிகிறது. அதே வருஷம் வந்த 'திருடாதே' படத்தின் பாட்டு ஏழ்மையைக் கண்டு மிரளாதே, உன்னிடம் ஆற்றல் உண்டு என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சொல்லிவிட்டு, உள்ளதெல்லாம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் பதுக்கல்காரனுக்கு வேலையே இல்லை என்ற பெரிய விஷயத்தையும் தாலாட்டு மாதிரிச் சொல்லிவிடுகிறது. இந்த இரண்டு படங்களும் திரைக்கு வந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை.

'நாடோடி மன்னன்' படத்திலேயே இன்னொரு பாட்டு. அதில் ஒரு பெண் கேட்கிறாள், ஆண் பதில் சொல்கிறான். காடும் கழனியும் விளைந்தது சரி, விளைவித்த நமக்கு என்ன கிடைத்தது என்று அவள் கேட்கிறாள். அவன் ஒரு நல்ல காலம் வரும் என்கிறான். அவள் விடுவதாயில்லை, அடுத்த கேள்வியைப் போடுகிறாள். பாட்டு முழுவதிலும் கூர்மையான வார்த்தை அந்தப் பெண்ணுடையதுதான். நடவு வயலில் நிற்கிற நம் தாய்மாரும் தங்கைமாரும் அன்றாடம் கேட்கிற கேள்வி அது. அதைச் சினிமா ஒலிபெருக்கியில் ஏற்றிவிட்டார் பட்டுக்கோட்டையார். 1960-ல் வந்த 'இரும்புத்திரை' மில் தொழிலாளர் கதை. சம்பளம் வாங்கிய கையோடு பணம் எங்கே மறைந்தது என்று தெரியாமல் திகைக்கிறவனைப் பற்றி அதில் அவர் எழுதிய பாட்டைக் கேட்டுச் சிரிக்காத மில் தொழிலாளி இருந்திருக்கமாட்டான். சிரித்துவிட்டு யோசிக்காதவனும் இருந்திருக்கமாட்டான்.

இப்போது மூன்று கேள்விக்கும் விடை பாருங்கள். யாரைப் பார்த்துப் பாடுகிறது? நம்மைப் பார்த்து. யாரை எதிர்க்கிறது? பதுக்குகிறவனை, சொத்தைக் குவித்தவனை, பயமுறுத்தி அடக்குகிறவனை. முடிந்த பிறகு என்ன செய்யச் சொல்கிறது? விழித்திரு, யோசி, பயப்படாதே, சேர்ந்து வேலை செய் என்கிறது. இதுதான் தன்னம்பிக்கை.

வாய் யாருடையது, வார்த்தை யாருடையது?

இதிலே மறைக்கக்கூடாத ஒரு விஷயம் உண்டு. பட்டுக்கோட்டையார் பாட்டைத் தொழிலாளி மேடையில் பாடவில்லை. ராஜா வேஷம் போட்ட நட்சத்திரம் திரையில் பாடியது. பாட்டைக் கேட்ட ஏழை மக்களில் பெரும்பாலோர் அந்த வார்த்தை அந்த வாயிலிருந்தே பிறந்ததாக நம்பினார்கள். எழுதியவன் மறைந்தான்; பாடிய முகம் வளர்ந்தது. அந்த முகம் 1977-ல் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தது. அதற்குப் பாட்டு மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பாட்டு ஏணியாக நின்றது என்பதை யாரும் மறுக்க முடியாது.

'நாடோடி மன்னன்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்களுடைய கஷ்டம் எப்படித் தீருகிறது? ஒரு நல்லவன் சிம்மாசனத்தில் ஏறி நல்ல சட்டங்களைப் போடுகிறான், தீர்ந்துவிடுகிறது. பாட்டு மக்களை விழிக்கச் சொல்கிறது. கதையோ, நீ படுத்துக்கொள், நான் விழித்திருக்கிறேன் என்கிறது. முதலாளி போட்ட பணத்தில், அவன் கேட்ட மெட்டுக்கு, அவன் காட்டிய காட்சிக்குள் நின்று எழுதிய கவிஞன் இதற்கு என்ன செய்வான்? நாம் ஓட்டுகிற தறி நம்முடையதல்ல; கல்யாணசுந்தரம் உட்கார்ந்து எழுதிய தறியும் அவருடையதல்ல. அந்தத் தறியில்தான் அவர் தன் நூலையும் நுழைத்தார்.

படம் ஓடிய பத்து வருஷத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். விளைந்ததில் எங்களுக்கு என்ன என்ற கேள்வி பாட்டாக இருந்தவரை மிராசுதார்களும் ரசித்திருப்பார்கள். அதே கேள்வி களத்துமேட்டில் கோரிக்கையாக வந்தபோது தீ வைத்தார்கள். பாட்டின் பலமும் அதன் எல்லையும் இங்கே தெரிகிறது. பாட்டு கேள்வியை வாயில் வைக்கும். கேள்வியைக் கோரிக்கையாக்க சங்கம் வேண்டும்.

இன்றைய பாட்டு

இனி பஸ்ஸில் நம் தம்பி கேட்கிற பாட்டுக்கு வருவோம். கதாநாயகன் அறிமுகமாகும்போது வருகிற பாட்டு. பறை உண்டு, தவில் உண்டு, ரத்தம் சூடேறுகிற தாளம் உண்டு. எல்லாம் நம் தெருவிலிருந்து எடுத்தவைதான். நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

யாரைப் பார்த்துப் பாடுகிறது? கதாநாயகன் தன்னையே பார்த்துப் பாடுகிறான். தன் நடை, தன் பார்வை, தன் படை. கேட்பவனுக்கு அதில் வேலை ஒன்றுதான்; கை தட்டுவது.

யாரை எதிர்க்கிறது? இதற்குப் பதிலே கிடையாது. எதிரி என்கிறான், அந்த எதிரி யார் என்று சொல்வதில்லை. பொறாமைக்காரன் என்கிறான், துரோகி என்கிறான். கூலியைப் பிடித்தவனா, நிலத்தைப் பறித்தவனா, சாதி சொல்லித் திட்டியவனா? வாய் திறப்பதில்லை. முகவரி இல்லாத கோபம் எந்தக் கதவைத் தட்டும்? கடைசியில் பக்கத்துத் தெரு வாலிபனின் கதவைத் தட்டும். வேறு நட்சத்திரத்தின் ரசிகன் கதவைத் தட்டும். அவனும் ஒப்பந்தக் கூலிதான்!

சில பாட்டுகளில் அந்தக் கோபம் பெண்ணின் மேல் விழுகிறது. தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணை ஏசிப் பாடுவதைப் பெரிய கலகம் என்று விற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையா? பஞ்சாலை விடுதியில் மேஸ்திரிக்குப் பயந்து வாழ்கிற தங்கை இந்தப் பாட்டில் எங்கே இருக்கிறாள்? 1958-ல் கேள்வி கேட்ட பெண் இங்கே வாயடைத்துப் போனாள். இதையா நாம் முன்னேற்றம் என்பது?

பாட்டு முடிந்த பிறகு என்ன செய்யச் சொல்கிறது? முதல் நாள் முதல் காட்சிக்கு வா என்கிறது. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்று என்கிறது. பத்து நாள் கூலியை ஒரே டிக்கெட்டில் போடு என்று சொல்லாமல் சொல்கிறது. தன்னைப் பற்றிப் பெருமைப்படு என்று ஆரம்பித்த பாட்டு, வேறு ஒருவனைப் பற்றிப் பெருமைப்பட வைத்து முடிகிறது. தம்பியின் கோபம் பச்சை நெல்லாக உள்ளே போகிறது. டிக்கெட்டாக வெளியே வருகிறது. இடையில் லாபம் எடுத்தவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

'நான்' என்ற சொல்

அப்படியானால் பாட்டில் 'நான்' என்று வந்தாலே தப்பா? அப்படி அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது.

நட்சத்திரம் சொல்கிற 'நான்' வேறு. தலைமுறை தலைமுறையாக, நீ ஆளே இல்லை என்று ஒதுக்கப்பட்டவன் சொல்கிற 'நான்' வேறு. செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவனின் பேரன் மைக்கைப் பிடித்து, நான் இன்னார், என் பாட்டன் இந்த மண்ணை உழுதவன் என்று சொன்னால் அது தற்பெருமையல்ல. பட்டாவில் எழுதாத பெயரை அவன் பாட்டில் எழுதுகிறான்.

2018 ஜனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான குழு அது. வடசென்னை கானாவையும் ராப்பையும் சேர்த்து, சாதியைப் பெயர் சொல்லி எதிர்த்தார்கள் அந்த வாலிபர்கள். அந்தக் குழுவில் பாடிய அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. இசை சந்தோஷ் நாராயணன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையிலிருந்து அந்தப் பாட்டு பிறந்தது என்று அறிவு சொன்னார். நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லாமல் போன கதை அது. கோடிக்கணக்கானவர்கள் அதைக் கேட்டார்கள். பல தேசத்துப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். அதில் 'நான்' உண்டு. ஆனால் அந்த 'நான்' பாட்டியோடும் பாட்டனோடும் காடு கழனியோடும் சேர்ந்து நிற்கிற 'நான்'. நம் மூன்று கேள்விக்கும் அதனிடம் விடை உண்டு.

பிறகு நடந்தது என்ன? அந்தப் பாட்டு யாருடைய உழைப்பு, யாருக்கு எவ்வளவு பெயர் என்று பெரிய வாதம் எழுந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளரே வெளிப்படையாகச் சொன்னார். உழைத்தவனுக்கு விளைச்சலில் பங்கில்லை என்று பாடிய பாட்டு. பாடியவர்களுக்கே விளைச்சல் வரவில்லை! இதைவிடத் தெளிவாக நமக்கு யார் பாடம் சொல்ல முடியும்?

கலைஞனும் உழைப்பாளிதான். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், பாட்டு பயன்படும் இடங்களில் பங்குத் தொகை பெறும் உரிமையை அந்தத் திருத்தம் தந்தது. கிராஜுவிட்டிச் சட்டம் நமக்கு எப்படியோ, அப்படி அவர்களுக்கு இது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் பணம் கைக்கு வராது என்பது மில் தொழிலாளிக்குத் தெரியாததா?

பாரதியின் பாட்டுக்குக்கூட இந்தக் கதி நேர்ந்தது. அச்சத்தை உதறச் சொன்ன அந்த மகாகவியின் பாட்டுகளை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பாடும் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. மக்கள் குரல் எழுப்பினார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துப் பொதுச் சொத்தாக்கியது. கலகப் பாட்டையும் பூட்டி வைக்க முடியும். மக்கள் சேர்ந்தால் பூட்டைத் திறக்கவும் முடியும்.

நம்மிடம் உள்ள குறை

இவ்வளவும் சொன்ன பிறகு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று பாக்கி. தம்பி சினிமாப் பாட்டிடம் போனான் என்கிறோமே, நம்மிடம் வந்தபோது நாம் அவனுக்கு என்ன கொடுத்தோம்?

நம் கேட் கூட்டம் எப்படி நடக்கிறது? ஆறு பேர் பேசுகிறார்கள். ஒருவர் பேசியதையே அடுத்தவர் பேசுகிறார். இருபது வயதுப் பையன் பின்னால் நின்று கேட்கிறான். ஒருவரும் அவன் பெயரைக் கேட்பதில்லை. நிரந்தரத் தொழிலாளியின் கோரிக்கை பத்து வாசிக்கப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கை பதினோராவதாக வருகிறது. பிறகு அவன் ஏன் வரவில்லை என்று ஆச்சரியப்படுகிறோம்! அவனை 'நீ முக்கியமானவன்' என்று நட்சத்திரமாவது சொல்கிறது. பொய்யாகவாவது சொல்கிறது. நாம் உண்மையாகவும் சொல்லவில்லையே?

ஒரு காலத்தில் நம் மாநாடுகளில் பாட்டும் வில்லுப்பாட்டும் நாடகமும் இல்லாமல் பொழுது விடியாது. கதிரறுக்கும்போது பெண்கள் போராட்டப் பாட்டைக் குலவையோடு பாடினார்கள். அந்தப் பாட்டுகளை இன்றும் பாடுகிறோம், நல்லது. ஆனால் ஒப்பந்தக் கூலியைப் பற்றி, விடுதிப் பெண்ணைப் பற்றி, இரவு பகலாகச் சோறு சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடுகிற டெலிவரிப் பையனைப் பற்றி நம் மேடையில் எத்தனை பாட்டு உண்டு? விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றை எழுதக்கூடியவன் நம் அலுவலகத்துப் பெரியவர் அல்ல. அதே பஸ்ஸில் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு போகிற அந்தத் தம்பிதான். விடுதி ஜன்னலில் நிற்கிற அந்தத் தங்கைதான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு மில் கேட்டிலும் ஒவ்வொரு கிராமக் கிளையிலும் அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரத்தை வாலிபர்களுக்கு ஒதுக்குங்கள். பாடட்டும். கானா பாடட்டும், ராப் பாடட்டும், தெம்மாங்கு பாடட்டும். தாளம் நமக்குப் பழக்கமில்லை என்று காதைப் பொத்தாதீர்கள். பட்டுக்கோட்டையார் பாட்டை ஒலிபரப்பும்போது எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். பாடியவர் முகத்தோடு நிறுத்தாதீர்கள். கூட்டம் முடிந்ததும் பாடியவன் பெயரைச் சங்க ரசீதில் எழுதுங்கள். அவன் கோரிக்கையை முதல் கோரிக்கையாக வாசியுங்கள்.

தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. உன்னை யாரும் பாட்டுக் கேட்காதே என்று சொல்லவில்லை. காதில் மாட்டிய ஒயரைக் கழற்றச் சொல்லவும் இல்லை. பக்கத்து சீட்டில் உன்னைப் போலவே கண் சிவந்து ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அந்த ஒயரின் ஒரு நுனியை அவன் காதுக்குக் கொடு. இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். பிறகு அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். யாரை எதிர்ப்பது என்று பாட்டு சொல்லாவிட்டால், உங்கள் இருவர் சம்பளச் சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது சொல்லும்.

அதற்குப் பிறகு நீங்கள் எழுதுகிற பாட்டைக் கேட்க நாங்கள் கேட்டில் காத்திருக்கிறோம்.